சும்மா கிடந்த வயல்

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்து பார்க்க வேண்டும். ஓடையை ஒட்டிய மூன்று ஏக்கரை உழ மாட்டேன், விதைக்க மாட்டேன், மாடு மேய விட மாட்டேன் என்று பெரியவர் எழுதிக் கொடுத்திருந்தார். மழை பெய்தால் கரையோரத்து மண் கரைந்து ஓடைக்குள் போய்விடுகிறது, அதனால் அந்த நிலங்கள் கொஞ்ச காலம் ஓய்வெடுக்கட்டும் என்பது திட்டம். ஓய்வெடுக்கிற நிலத்துக்கு வருடா வருடம் மானியம் வரும். "எனக்குப் பென்ஷன் இல்ல, என் மண்ணுக்கு இருக்கு" என்று அவர் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் விதைப்புக் காலம் வந்ததும் அந்த வயல் வரப்பில் போய் நின்றுகொண்டு கையைப் பிசைவார். வீட்டுக்காரிதான் போய்க் கூட்டி வர வேண்டும்.

பெரியவர் என்றால் அப்படியொன்றும் வயதானவர் இல்லை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்த வீட்டில் முதலாவது. ஊர் இவரைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பெரியவரின் மனைவியை ஊர் தையல்காரி என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடத்துச் சீருடை, கிழிந்த திரைச்சீலை, இடுப்பு பெருத்துப்போனவர்களின் கால்சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். ஊரில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பா விட்டுப்போன பழைய டிராக்டர் ஒன்று இருவருக்கும் பொதுவில் இருந்தது. அதை ஒருநாள் பெரியவர் தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை, என்றைக்காவது ஆளைக் கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. அந்த டிராக்டரை யாரும் தொடாமல் ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவர் சின்னவர். பெரியவர் பாதிப் பங்கைக் கொடுத்தனுப்பினார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. அதிலிருந்து எதிரெதிரே வந்தால் ஒருவர் செல்போனை எடுத்துப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். தப்பு தன் புருஷன் மேல் என்று தையல்காரிக்குத் தெரியும். சொல்லியும் பார்த்தாள். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது ஒருநாள் இளகியிருக்கும்.

இந்த வருடம் கொட்டகைத் தகரத்தை மாற்றுகிறேன் என்று மேலே ஏறிய பெரியவர் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்று இழுத்தது. தையல்காரி அங்கேயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். மற்ற வயல்களைக் குத்தகைக்கு விட்டாயிற்று. குத்தகைப் பணமும் ஆஸ்பத்திரியோடு போயிற்று. வீடு இந்த வருடம் ஓடுவதென்றால் ஓடைக்கரை வயலுக்கு வரும் மானியத்தில்தான் ஓட வேண்டும். கட்டிலில் மல்லாந்து கிடந்துகொண்டு பெரியவர் அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினார். நான் படுத்தா என்ன, நிலமும் படுத்துக்கிட்டுத்தான சம்பாதிக்குது என்றார்.

வீடு திரும்பிய மறுநாளே வேளாண்மை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வயலைப் பார்வையிட வருவார்கள். ஆண்டுதோறும் வருகிற பார்வைதான். அதிகாரி வருவார், வயலைச் சுற்றி நடப்பார், படம் எடுப்பார், போவார். அவர்கள் வருவதற்கு முன்னால் களை நன்றாக வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்றார் பெரியவர். களை வளர்ந்திருக்கிறதா என்று கவலைப்படுகிற விவசாயியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போனவள் வரப்பில் ஏறியதும் நின்றுவிட்டாள்.

களை இல்லை. மூன்று ஏக்கரும் மக்காச்சோளம். ஒரு சாண் உயரத்துக்கு, கோடு போட்டுத் தைத்தது போல வரிசை வரிசையாக முளைத்திருந்தது. வேறு யாருடைய வயலுக்கோ வந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் பால்காரரிடமிருந்து தெரிந்தது. அவர்கள் ஊரில் இல்லாதபோது கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். சின்னவர் வாடகைக்கு டிராக்டர் எடுத்து வந்து உழுதார், அவரும் அவர் வீட்டம்மாவும் நாலைந்து நாள் குனிந்த முதுகு நிமிராமல் விதை ஊன்றினார்கள் என்று பால்காரர் கண் கலங்கச் சொன்னார். அண்ணன் படுத்துவிட்டார், நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று தாங்க முடியாமல் செய்திருக்கிறார். கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இனிமேலாவது இரண்டு பேரும் ராசியாக இருங்கள் என்று அவளுக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வுத் திட்டம் பற்றிச் சின்னவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். மானியம் வாங்குகிறவர்களின் பெயரும் தொகையும் ஒவ்வொரு வருடமும் வேளாண்மை அலுவலக வாசலில் ஒட்டப்படும். எந்த வயல் என்று அதில் இருக்காது. பரீட்சை முடிவு பார்ப்பது போல ஊரே அங்கே முண்டியடித்துக்கொண்டு நிற்கும். சின்னவர் மட்டும் போக மாட்டார். அடுத்தவன் வீட்டு வருமானத்தைச் சுவரில் படிப்பது என்ன பழக்கம் என்பார். அதோடு அவருக்கு நாலு பேரிடம் உட்கார்ந்து பேசுகிற வழக்கமும் கிடையாது.

ஆனால் தையல்காரியால் சின்னவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியவில்லை. திட்டத்தில் சேர்ந்தபோது அலுவலகத்தில் ஒரு தகரப் பலகை கொடுத்தார்கள். 'இந்த நிலம் ஓய்வில் உள்ளது. உழவோ விதைக்கவோ கூடாது' என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. அது கொஞ்ச நாள் வயல் முனையில் ஒரு கம்பத்தில் இருந்தது. கோழிக்கூட்டின் அடியில் கீரிப்பிள்ளை ஓட்டை போட்டபோது, அளவாக ஒரு தகரம் எங்கே கிடைக்கும் என்று தேடியவள், அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து அடைத்துவிட்டாள். நிலத்துக்குப் படிக்கத் தெரியுமா என்ன, கோழிக்காவது உதவட்டும் என்று அன்றைக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்தாள். அந்தப் பலகை இருந்த இடத்தில் இருந்திருந்தால் சின்னவர் ஏரைத் தொட்டிருக்க மாட்டார். இதை நினைக்க நினைக்க அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புருஷனிடம் களை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வேண்டுமென்றே மானியத்தைக் கெடுப்பதற்காகத் தம்பி செய்த வேலை என்பார். அப்புறம் ஏழு பிறவிக்கும் ஒட்டாது.

ஒரே வழிதான் இருந்தது. அதிகாரி வருவதற்குள் அத்தனையையும் திரும்ப உழுதுபோட்டுவிட வேண்டும். அதைச் சின்னவரிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மனதுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த சின்னவர் அவளைப் பார்த்ததும் தடுமாறிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார், அதன் மேல் இருந்த துணியை எடுக்க மறந்துபோய், பிறகு ஓடி வந்து எடுத்தார். அவர் மனைவி உள்ளே டீ போடப் போனாள். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது, எழுந்து நடக்கிறாரா, வலி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, வயலைப் பார்த்துவிட்டாரா என்று கேட்டார்.

அவள் இன்னும் இல்லை என்றாள். வெளியே வரவில்லை என்றாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்க எனக்கு முகம் இல்ல அண்ணி" என்றார் சின்னவர். "ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அதான் நம்மால ஆனதைச் செய்வோம்னு செஞ்சேன். அவருக்குப் பிடிக்கலைன்னா என்னைத் திட்டட்டும். திட்டுறதுக்காவது பேசுவாருல்ல."

அதற்குப் பிறகு அவள் எங்கே சொல்வது. டீயைக் குடித்தாள். நல்ல டீ என்றாள். சோளம் நன்றாக முளைத்திருக்கிறது தம்பி என்றாள். அந்த மனிதரின் முகம் அதைக் கேட்டதும் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். வருடச் சாப்பாட்டை ஒரு தம்ளர் டீயில் கரைத்துவிட்டு வருகிறவளை வேறு என்ன சொல்வது.

ஆளை வைத்து உழலாம் என்றும் யோசித்தாள். அன்று மாலையே சின்னவர் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததும் அந்த யோசனையும் செத்துப்போயிற்று. கடைசியில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். கோழிக்கூட்டிலிருந்து தகரப் பலகையைப் பிடுங்கி, கழுவி, அதிகாரி வருகிற நாள் விடிந்ததும் பழைய கம்பத்திலேயே கட்டிவிட்டு வந்தாள். அதனால் என்ன லாபம் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அதிகாரி சின்ன வயதுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் டேப்லெட். வாசலில் வந்து ஐயா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், பெரியவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் வருகிறேன் என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று தையல்காரி கத்தினாள், தடுத்தாள், வாக்கரின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டும் பார்த்தாள். நான் சும்மா விட்ட நிலத்தை நான் பார்க்கக் கூடாதா என்று அவர் நடந்தார். வாசலிலிருந்து வயல் வரப்பு வரை அந்த ஊர்வலம் போகப் பார்த்தவர்கள் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். தையல்காரிக்குத் தூக்குமேடைக்குப் போவது போல இருந்தது.

வரப்பில் மூன்று பேரும் நின்றார்கள். முன்னால் நீலப் பலகை, 'உழவோ விதைக்கவோ கூடாது'. பலகையைச் சுற்றி மூன்று ஏக்கருக்கும் பச்சைப்பசேலென்று சோளம்.

அதிகாரி பலகையைப் படித்தாள். பயிரைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் படித்தாள்.

"களை இப்படி வரிசையா முளைக்காதே அம்மா" என்றாள்.

தையல்காரி புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. வெடிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெடிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் வாக்கரின் மேல் நன்றாகச் சாய்ந்து, பக்கத்தில் இருந்த பயிரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழியிலும் மூன்று மூன்று நாற்று. ஊரில் மற்றவர்களெல்லாம் குழிக்கு இரண்டு விதை ஊன்றுவார்கள். ஒன்று முளைக்காமல் போனாலும் இன்னொன்று இருக்கும் என்று. அப்பா எத்தனை தடவை தலையில் குட்டியும் மூன்று விதை போடுகிற கை ஒன்றுதான் உண்டு. இரண்டுமே முளைக்காமல் போனால் என்ன செய்வது என்று சின்ன வயதிலேயே கவலைப்பட்ட கை அது. அதை அவள் சொல்லித் தெரிய வேண்டிய அவசியம் பெரியவருக்கு இல்லை.

அதிகாரி நல்ல பெண். கஷ்டத்தைப் பார்த்ததுமே வழி தேடினாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது அவளுக்குத் தெரியும். குரலைத் தணித்துக்கொண்டு, அனுமதி இல்லாமல் வேறு யாராவது விதைத்திருந்தால் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். அத்துமீறல் என்று பதிந்துவிடுவாள். மானியத்துக்கு ஒன்றும் ஆகாது. பயிரை அழிக்கிற செலவும் அபராதமும் விதைத்தவர் தலையில் விழும். நீங்களே விதைத்தது என்றால் இந்த வருடப் பணம் கிடையாது, திட்டத்திலிருந்தும் பெயர் போய்விடும். இரண்டில் எது என்று சொல்லுங்கள் என்றாள்.

"யார் விதைச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

பெரியவர் இன்னும் பயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் விதைச்சேன்" என்றார்.

அதிகாரி வாக்கரைப் பார்த்தாள். வேட்டிக்கு மேல் தடித்துத் தெரிந்த பேண்டேஜைப் பார்த்தாள்.

"எப்போன்னு தேதி போடணும் ஐயா."

"உங்களுக்குத் தோதா ஒரு தேதி போட்டுக்கோங்க."

அவள் டேப்லெட்டைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு தையல்காரியிடம் திரும்பினாள். நிலம் உங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அதனால் நீங்களும் சொல்ல வேண்டும் என்றாள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்றாள்.

தையல்காரி யோசிக்கத்தான் செய்தாள். அரிசி, மருந்து, கரண்ட் பில், புருஷனை மறுபடியும் நகரத்துக்குக் கூட்டிப் போக வேண்டிய செலவு எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை, சொன்னால் போதும். யாரும் அவளைப் பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. இந்த மனிதர் கேட்காமல் டிராக்டரை விற்றார், இப்போது கேட்காமல் மானியத்தையும் விடுகிறார் என்று கோபமும் வந்தது. வருடம் முழுவதும் மிஷினை மிதிக்கப் போவது அவருடைய கால் இல்லையே.

ஆனால் இத்தனை வருடமாக எதைச் சொல்லி இந்த மனிதரிடம் மல்லுக்கு நின்றாளோ, அதை அவர் இப்போது தானாகவே செய்துகொண்டு நிற்கிறார். இங்கே அவரைத் தனியாக விட்டால் அவள் ஒரு பெண்டாட்டியா.

"விதை எடுத்துக் கொடுத்தது நான்தாங்க" என்றாள்.

அதிகாரி டேப்லெட்டில் எழுதினாள். எழுதும்போது இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போகும்போது மட்டும், பலகை அலுவலகத்துடையது என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பயிர் நல்லா வந்திருக்கு ஐயா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு பெரியவர், உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். போன வாரத்திலிருந்து என்றாள். பலகை மட்டும் ஏன் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது என்று கேட்டார். கோழிக்கூட்டுக் கதையைச் சொன்னாள். இப்போதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்க ஆரம்பித்து, இடுப்பு வலி தாங்காமல் சிரிப்பை நிறுத்த முயன்று, முடியாமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஐயோ ஐயோ என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தார். முதலில் சிரிப்பில் வந்த நீர்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, நீர் நிற்கவில்லை. அவள் முந்தானையைக் கொடுத்தாள்.

"மூணு மூணா போட்டு வெச்சிருக்கான்" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "கலைச்சு விடலைன்னா ஒண்ணுலயும் கதிர் பிடிக்காது. என்னால குனிய முடியாது. வந்து பிடுங்கச் சொல்லு."

சொல்வதாகச் சொன்னாள்.

"மானியம் பத்தி அவன் காதுல விழக் கூடாது."

அதை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பால்காரரின் வாயை முதலில் கட்ட வேண்டும், அதற்கு அவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுத்தால் போதும். அடுத்த தடவை அலுவலக வாசலில் பெயர்கள் ஒட்டும்போது இவர்கள் பெயர் இருக்காது. சின்னவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கிறவர் இல்லை. சோளம் விளைந்தால் கொஞ்சம் வரும், மானியத்தில் பாதிகூட வராது. மீதிக்கு அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடையையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே மாலையில் சின்னவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை சின்னவர் வந்தபோது பெரியவர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்போனை யாரும் எடுக்கவில்லை. சின்னவர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, குனிந்து, குழிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடுங்கத் தொடங்கினார். பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே அதை விடு, அந்த நோஞ்சானைப் பிடுங்கு என்று கையால் காட்டினார். தையல்காரி தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்றாள். இரண்டு வரிசை முடிந்தது.

மூன்றாவது வரிசையில் சின்னவர் முதுகை நிமிர்த்தாமலேயே கேட்டார்.

"மத்ததெல்லாம் குத்தகைக்கு விட்டுட்டு இதை மட்டும் ஏன் அண்ணா சும்மா போட்டு வெச்சிருந்தே?"

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"ஆள் இல்லடா" என்றார் பெரியவர். "நீ வரல."